பச்சை அட்டையில் பதினொரு பிழைகள்

“இது வேண்டாம். எட்டாம் பக்கத்துல தப்பு இருக்கு,” என்றேன்.

“சும்மா இரு. கடைக்குள்ள நின்னுக்கிட்டு மானத்தை வாங்காதே,” என்றான் என் அச்சக நண்பன் வானொலி. பட்டப்பெயர்தான்.

“நீயே பாரு. ஒரு கட்டத்துக்கு நாலு எண்ணிக்கைன்னு மேலேயே போட்டிருக்கான். முதல் கட்டத்துல ஒண்ணுதான் இருக்கு. மீதி மூணு எங்க போச்சு?”

வானொலி கழுத்தை நீட்டிப் பார்த்தான். அவனுக்கு இசைக்குறிகள் எல்லாம் சமையலறைச் சுவரில் தொங்கும் கரண்டிகள் போலத்தான் தெரியும். ஆனால் எண்ணத் தெரிந்தவன். விரலை வைத்து எண்ணினான். பக்கத்துக் கட்டத்தில் நான்கு கரண்டிகள். அதற்கடுத்ததிலும் நான்கு. முதல் கட்டத்தில் ஒற்றைக் கரண்டி, திருமண வீட்டுக்கு முதல் ஆளாக வந்துவிட்டவரைப் போலத் தனியாக நின்றது.

“ஆமா, தாயே,” என்றான் தணிந்த குரலில். “விட்டுட்டாங்க.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பியானோ கற்றுக்கொள்ளத் தொடங்கி எட்டே வாரங்கள். அதற்குள் அச்சிட்ட இசைப் புத்தகம் ஒன்றில் பிழை கண்டுபிடித்துவிட்டேன். காதெல்லாம் சூடேறியது. கடையின் குறுகலான இடைவெளியில், மாட்டியிருந்த கிட்டார்களுக்கும் புத்தக அடுக்குக்கும் நடுவே, பையைத் தோளில் சரியாக மாட்டக்கூட இடமில்லாமல் நின்றுகொண்டு, நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

நானும் வானொலியும் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறோம். ஒன்பது வருடமாக ஒரே மேசையின் இரு பக்கம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், ரயில் கால அட்டவணை, பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகம், எப்போதாவது அதிர்ஷ்டம் அடித்தால் பனி கொட்டும் ஊர்களில் நடக்கும் மொழிபெயர்ப்பு நாவல் என்று எது வந்தாலும் முறை ஒன்றுதான். அவன் மூலப்பிரதியைச் சத்தமாக வாசிப்பான். நான் அச்சான தாளைப் பார்த்துக்கொண்டே வருவேன். கமா, முற்றுப்புள்ளி, பத்தி முடிவு எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி வாசிப்பான். கொலை நடக்கும் பக்கமாக இருந்தாலும், வயிற்றுப்போக்குக்கான மாத்திரையாக இருந்தாலும் குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. அதனால்தான் அவனுக்கு அந்தப் பெயர். வைத்தது நான்தான் என்று எல்லோரிடமும் புகார் சொல்வான். உண்மையும் அதுதான்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனையும் இழுத்துக்கொண்டு வந்ததற்குக் காரணம் இருந்தது. எனக்கு ஒரு தாளப் பயிற்சிப் புத்தகம் வேண்டும். அதுவும் அன்றே வேண்டும். ஏனென்றால் அன்று திங்கள்கிழமை, அந்தச் சனிக்கிழமைக்குள் என் மகள் முடிவு செய்துவிடுவாள்.

மகளுக்குப் பதினொரு வயது. மூன்று வருடமாகப் பியானோ கற்கிறாள். அவளைக் கொண்டுபோய் விட்டு, வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்து காத்திருந்து, ஒரு நாள் நானும் கற்றுக்கொள்ளட்டுமா என்று டீச்சரிடம் கேட்டுவிட்டேன். டீச்சர் என்னைவிடப் பதினாறு வயது சின்னவள். காலையில் நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பாள், மாலையில் பியானோ. அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் தலைமுடியில் குளத்துத் தண்ணீரின் மருந்து வாசனை வரும். என்னை அக்கா என்பாள். நான் அவளை டீச்சர் என்பேன். இரண்டு பேருக்கும் அது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும்.

மூன்று வாரத்தில் டீச்சரின் மாணவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டும் நாள் வருகிறது. மகள் வாசிக்கப்போவது நான்கு கைப் பாட்டு. ஒரே பியானோ, ஒரே பெஞ்சு, இரண்டு பேர். வலப்பக்கம் உட்காருபவருக்கு மெட்டு, இடப்பக்கம் உட்காருபவருக்குக் கீழ்ச் சுரங்கள். இடப்பக்கம் உட்கார வேண்டிய சிறுமியின் குடும்பம் வீடு மாறி வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்தக் காலி இடத்துக்கு டீச்சரிடம் இரண்டு பேர் இருந்தோம். ஒன்று நான். இன்னொன்று, என்னைப் போலவே வளர்ந்த பிறகு கற்க வந்த ஒரு பல் டாக்டர். யார் என்பதைப் பக்கத்தில் உட்காரப்போகிறவளே சொல்லட்டும் என்று டீச்சர் மகளிடம் விட்டுவிட்டாள்.

பெற்ற தாய்க்கு இதில் என்ன சந்தேகம் என்று நினைத்தேன். மகள் தாள்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் சொன்னாள்.

“அம்மா, நீ ஒரு தப்பு பண்ணா உடனே நின்னு, திரும்பிப் போய், அதைச் சரி பண்ணிட்டுத்தான் வர்றே. நான் பாட்டுக்குத் தனியாப் போயிட்டு இருக்கேன். திரும்பிப் பார்த்தா உன்னைக் காணோம்.”

பல் டாக்டர் எவ்வளவு தப்பாக வாசித்தாலும் நிற்க மாட்டார் என்றும் சொன்னாள். நிற்க மாட்டார்தான். நாற்காலியில் இருப்பவர் எவ்வளவு அலறினாலும் நிறுத்தாமல் வேலையை முடித்துப் பழக்கப்பட்டவர். நான் இதை மகளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சனிக்கிழமை சொல்கிறேன் என்றாள்.

டீச்சரும் அதையேதான் வேறு மாதிரி சொன்னாள். கை நன்றாக இருக்கிறது, கண் அதைவிட நன்றாக இருக்கிறது, தாளம்தான் நொண்டுகிறது என்றாள். தாளத்துக்கென்று தனியாக ஒரு புத்தகம் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அதில் மெட்டு இருக்காது. பியானோகூடத் தேவையில்லை. மேல் வரியை வலது கையாலும் கீழ் வரியை இடது கையாலும் மேசையில் தட்டினால் போதும். எந்தப் புத்தகம் என்று கேட்டதற்கு, “நான் சொன்னா என் புத்தகமாயிடும், அக்கா. தினமும் எதைத் திறக்கணும்னு உங்களுக்குத் தோணுதோ அதை எடுங்க,” என்றாள்.

கடையில் மூன்று இருந்தன. மஞ்சள் அட்டை போட்டதில் யானை ஒரு எண்ணிக்கைக்கும் முயல் அரை எண்ணிக்கைக்கும் குதித்தன. கடைசிப் பக்கத்தில் வெட்டி எடுக்கச் சான்றிதழ் வேறு. வானொலிக்கு அதுதான் பிடித்தது. என் பெயரை எழுதி மேசைக்கு மேலே மாட்டிவிடலாம் என்றான். சாம்பல் அட்டை போட்டது தடிமனாக, பொடி எழுத்தில், சொத்துப் பத்திரம் போல இருந்தது.

பச்சை அட்டையைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. சுருள் கம்பி போட்டுக் கட்டியது, திறந்தால் மூடிக்கொள்ளாமல் படுத்துக் கிடக்கும். குறிகள் பெரிதாக, வரிகளுக்கு நடுவே மூச்சு விட இடம் விட்டு அச்சடித்திருந்தார்கள். ஓரத்தில் அகலமான வெற்றிடம். பக்கத்துக்கு ஒரே ஒரு புது விஷயம்தான், அதற்கு மேல் இல்லை. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, என்னைப் போல ஒருத்தியை மனதில் வைத்துக்கொண்டு செய்த புத்தகம் என்று தோன்றியது. அப்படிப்பட்ட புத்தகத்தில் பிழை. பத்தொன்பதாம் பக்கத்தில் இன்னொன்று. இருபத்து மூன்றில் இன்னொன்று.

கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். எட்டு வருடமாக இந்தப் புத்தகம் விற்பதாகவும், யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றும் சொன்னார். நான் எண்ணிக் காட்டினேன். அவரும் எண்ணினார். அவர் வாத்தியம் எதுவும் வாசிப்பதில்லையாம், வாசிப்பது அவருடைய மச்சானாம். அச்சகத்தில் வேலை செய்கிறோம் என்று வானொலி தேவையில்லாமல் சொல்லி வைத்தான். அதைக் கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டது. மாதிரிக்கு வைத்திருந்த பிரதியை என் கையில் திணித்து, பிழை எல்லாவற்றையும் குறித்துக் கொடுத்தால் புத்தகம் போட்ட கம்பெனிக்கு அனுப்பிவிடுவேன் என்றார்.

ஆக, நான் சாம்பல் அட்டையை வாங்கிக்கொண்டு, பச்சை அட்டையைத் திருத்துவதற்கு எடுத்துக்கொண்டு திரும்பினேன். அச்சகம் வரை கிட்டத்தட்ட ஓடினேன். பின்னால் வந்த வானொலி, சாப்பிட்டது செரித்துவிட்டது, திரும்பச் சாப்பிட வேண்டும் என்று முனகிக்கொண்டே வந்தான்.

அன்று மாலை சாம்பல் அட்டையைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். சரியாகத்தான் இருந்தது. எல்லாக் கட்டத்திலும் நான்கு நான்காக, ஒன்று கூடாமல் குறையாமல். அதைத் தட்டத் தொடங்கினால் இரண்டாம் வரியில் இடது கை இடறும். நிற்பேன். முதலிலிருந்து தொடங்குவேன். மூன்றாம் வரியில் இடறும். நிற்பேன். என் கணவர் குளித்துவிட்டு வந்து, தட்டும் சத்தம் கேட்டுச் சாப்பாடு தயார் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவும் இல்லை. “இன்னும் எத்தனை தடவை இந்த முதல் வரியைக் கேக்கணும்? எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு,” என்றார். மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை. ஆனால் நான் நிற்கும் ஒவ்வொரு முறையும் அவளுடைய பென்சிலும் ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அப்படியே போயின. பத்து நிமிடம் சாம்பலோடு மல்லுக்கட்டுவேன். பிறகு எனக்கு நானே பரிசு கொடுத்துக்கொள்வதைப் போலப் பச்சை அட்டையைத் திறப்பேன். சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணுவேன், குறை கண்ட இடத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த பயிற்சிக்குத் தாவுவேன். அதில் இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எட்டு வாரத்துக்கு முன் அந்தக் கறுப்புப் புள்ளிகள் எனக்கும் கரண்டிகள்தான். இப்போது ஒவ்வொன்றும் தன் நீளத்தைத் தானே சொன்னது. ஒன்று, அரை, அரை, ஒன்று, மௌனம். பேருந்தில் போகும்போது கடைப் பலகைகளைப் படிப்பது போலப் படித்துக்கொண்டே போனேன். புதன்கிழமை முடிவில் பதினொரு பயிற்சிகளில் முதல் கட்டம் குறைபட்டிருந்தது. பதினொன்றுக்கும் ஓரத்தில் சிவப்பு மையில் விடுபட்டது என்பதற்கான எங்கள் குறியைப் போட்டேன்.

பிழைப்பட்டியல் எதுவானாலும் ஒற்றை ஆள் பார்த்து வெளியே அனுப்பக் கூடாது என்பது எங்கள் அச்சகத்தின் சட்டம். அதனால் வியாழன் மதியம் சாப்பாட்டுப் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு, பச்சை அட்டையை வானொலியின் முன் வைத்தேன்.

“இதை எப்படி நான் வாசிக்கிறது? கமாகூட இல்லையே,” என்றான்.

சொல்லிக்கொடுத்தேன். ஒரு எண்ணிக்கைக்குத் தா. அரைக்குத் தி. மௌனத்துக்கு என்ன சொல்வது என்று கேட்டான். நான் யோசிப்பதற்குள் அவனே, “சும்மா இருக்குது, அதனால சும்மான்னே வச்சுக்கிறேன்,” என்று முடிவு செய்துவிட்டான். அவன் மேல் வரியை வாசிப்பான். நான் இடது கையால் கீழ் வரியைத் தட்டிக்கொண்டே பார்த்து வருவேன், வலது கையில் பேனா. புத்தகத்தை இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி மேசைக்கு நடுவில் குறுக்காக வைத்தோம்.

எட்டாம் பக்கம். வானொலி தொண்டையைச் செருமினான்.

“தா. தா, தா, தா, தா. தா, சும்மா, திதி, தா.”

சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மாத்திரைகள் என்று வாசிக்கும் அதே குரல். ஒரு நூல் அளவுகூட வேகம் கூடவில்லை, குறையவில்லை. என் இடது கை அவன் குரலுக்குக் கீழே நடக்கத் தொடங்கியது. இரண்டாம் வரியில் இடறியது. வானொலி போய்க்கொண்டே இருந்தான். மூலம் வாசிப்பவன் நிற்க மாட்டான், நிறுத்த வேண்டுமென்றால் பார்ப்பவர் மேசையில் உள்ளங்கையை வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. என் வலது கை தன் பாட்டுக்கு ஓரத்தில் ஒரு சிறு கோடு போட்டது. இடது கை அதற்குள் அவனைப் பிடித்துவிட்டது. மூன்றாம் வரியில் இன்னொரு இடறல், இன்னொரு கோடு.

கடைசிக் கட்டத்துக்கு வந்தோம். “தா, திதி, தா,” என்றான். அங்கே இரண்டு புள்ளிகள் வைத்திருந்தது, மறுபடி முதலிலிருந்து வாசி என்று அர்த்தம். அதையும் அவனுக்குச் சொல்லியிருந்தேன். மூச்சுகூட விடாமல் முதலுக்குத் தாவினான்.

“தா. தா, தா, தா, தா.”

என் பேனா கடைசிக் கட்டத்துக்குப் போனது.

கடைசிக் கட்டத்தில் மூன்று. முதல் கட்டத்தில் ஒன்று. அவன் குரலில் இரண்டுக்கும் நடுவே ஒரு தையல்கூடத் தெரியவில்லை. மூன்றும் ஒன்றும் நான்கு. முழுசாக, உருண்டையாக, ஒரு கட்டம்.

மேசையில் உள்ளங்கையை வைத்தேன். வானொலி நின்றான்.

கடைசிக் கட்டத்தை எண்ணச் சொன்னேன். மூன்று. பத்தொன்பதாம் பக்கத்துக்குத் திருப்பினேன். முதலில் ஒன்று, கடைசியில் மூன்று. இருபத்து மூன்று, முதலில் இரண்டு, கடைசியில் இரண்டு. மீதியையும் திருப்பித் திருப்பி எண்ணினேன். பதினொன்றும் அப்படியே. இது விடுபட்டது இல்லை. வேண்டுமென்றே கொஞ்சத்தை முன்னால் அனுப்பி வைத்திருக்கிறார்கள். முதல் எண்ணிக்கைக்குள் கால் வைப்பதற்கு முன் ஒரு சின்ன எழும்பல், அதன் கடனைக் கடைசிக் கட்டம் அடைத்துவிடுகிறது. இரண்டு நாள் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன், முதல் கட்டத்தில் குறை கண்டதுமே குறி போட்டுவிட்டு அடுத்த பயிற்சிக்குத் தாவினேன். ஒரு பயிற்சியைக்கூடத் தலையிலிருந்து கால் வரை தட்டிப் பார்க்கவில்லை. எந்த இசைக்காரனும் செய்ய முடியாத பிழை. மெய்ப்புப் பார்ப்பவள் மட்டுமே செய்யக்கூடியது.

வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது.

“அப்போ தப்பே இல்லையா?” என்றான் வானொலி, ஏமாற்றமாக.

“இல்லை. ஒண்ணுகூட இல்லை. எவ்வளவு அழகா செஞ்சிருக்கான் பாரு.”

“அப்புறம் இந்த ரெண்டு கோடு என்னது?”

ஓரத்தைக் காட்டினான். சற்று முன் என் கை போட்ட கோடுகள். அது நான் இடறிய இடங்கள் என்றேன்.

வானொலி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். அவன் கண்ணாடியைக் கழற்றினால் ஏதோ சொல்லப்போகிறான் என்று அர்த்தம்.

“ஒன்பது வருஷத்துல நீ என்னை எத்தனை தடவை நிறுத்தியிருப்பே? விரல் விட்டு எண்ணிடலாம். தப்பைப் பார்ப்பே, கோடு போடுவே, கூடவே வருவே. பக்கம் முடிஞ்சப்புறம்தான் திரும்பிப் போவே. இப்பவும் அதையேதான் பண்ணே. பியானோவுல மட்டும் எதுக்கு நட்டநடுவுல நிக்கிறே?”

கேள்வியே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மறுபடி வாசிக்கச் சொன்னேன். அவன் வாசித்தான். நான் தட்டினேன். இடறிய இடத்தில் வலது கை கோடு போட்டது, இடது கை நிற்கவில்லை. மறுபடி. இந்த முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினேன். கோடுகளை மனதுக்குள் போட்டுக்கொண்டேன். பத்தொன்பதாம் பக்கம். இருபத்து மூன்றாம் பக்கம். பக்கத்து மேசைக்காரர்கள் தலையைத் திருப்பினார்கள். தா, திதி, சும்மா, தா என்று அச்சகத்தின் மேசைகளுக்கு நடுவே வானொலியின் குரல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. வாசலில் எங்கள் பிரிவுத் தலைவர் வந்து நின்று, இது எந்தப் புத்தகத்தின் மெய்ப்பு என்று கேட்டார். வானொலி வாசிப்பதை நிறுத்தாமல், என் உள்ளங்கை மேசையில் படிகிறதா என்று என்னைப் பார்த்தான். நான் வைக்கவில்லை. அவர் பயிற்சி முடியும் வரை அங்கேயே நின்றுவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

வேலை முடிந்ததும் கடைக்கு ஓடினேன். சாம்பல் அட்டையைத் திருப்பிக் கொடுத்துப் பச்சையை எனக்கே எனக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மாதிரிப் பிரதியைச் சிவப்பு மையால் கெடுத்தது வேறு குத்திக்கொண்டிருந்தது. உள்ளே போனதும் அடுக்கைப் பார்த்தேன். பச்சை அட்டை ஐந்து பிரதிகளிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, பிழை உள்ளது, திருத்தம் வருகிறது என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார் கடைக்காரர்.

எண்ணிக் காட்டினேன், இந்த முறை கடைசிக் கட்டத்தோடு சேர்த்து. அவர் என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கம்பெனிக்கு ஃபோன் பண்ணிட்டேனே, மேடம்.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலை. சிரிச்சாங்க. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு எனக்கு இப்பதான் புரியுது.”

சொல்லிவிட்டு அவரும் சிரிக்கத் தொடங்கினார். நல்ல மனுஷர். இரண்டு பேரும் நின்று நகத்தால் சுரண்டி ஐந்து தாள்களையும் எடுத்தோம். சாம்பலை அடுக்கில் வைத்துவிட்டு, சிவப்புக் குறிகள் போட்ட அந்தப் பிரதியையே எனக்குக் கொடுத்தார். புதுப் பிரதி தருவதாகத்தான் சொன்னார். நான்தான் இது போதும் என்றேன். தினமும் திறக்கத் தோன்றும் புத்தகம் என்று டீச்சர் சொன்னது இதைத்தான். அன்று பேருந்தில் மட்டும் நான்கு முறை திறந்தேன். மடியில் வைத்துத் தட்டிக்கொண்டு வந்ததில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். திரும்பி நடந்தேன், நடையும் தாவும் திதியுமாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை, மேசையைத் துடைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் இருப்பது சின்ன எலக்ட்ரானிக் கீபோர்டு. அதில் நான்கு கை வைத்தால் முழங்கைச் சண்டைதான். அதனால் நான்கு கைப் பாட்டின் தாளை மேசையில் விரித்தேன். அவள் மெட்டைத் தட்டட்டும், நான் கீழ் வரியைத் தட்டுகிறேன், ஒரே ஒரு முறை என்றேன்.

“பாதியில நின்னா?”

“நின்னா நாளைக்கு நான் வாயே திறக்க மாட்டேன்.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு வலப்பக்கம் உட்கார்ந்தாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். அவள் அப்பா சாப்பாடா என்று உள்ளேயிருந்து கேட்டார், நான் தாளை நடுவில் நகர்த்தி வைத்தேன்.

தொடங்கினோம். முதல் வரி சுத்தமாகப் போனது. இரண்டாம் வரியில் இடது கை ஒரு அரை எண்ணிக்கையை விழுங்கிவிட்டது. உடம்பு முழுவதும் நில், திரும்பு என்று கத்தியது. மனதுக்குள் ஒரு கோடு போட்டேன். கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் நுழைந்தேன், அங்கே என் மகள் இருந்தாள். இன்னொன்று. கோடு. மூன்றாம் வரியில் அவள் சட்டென்று இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். தவறிப்போய் அல்ல, என்னைச் சோதிக்கத்தான். கடைக்கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், திருட்டுக் கழுதை. நான் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு கட்டம், இரண்டு கட்டம். மேசை என் கைக்குக் கீழே அதிர்ந்தது. மூன்றாம் கட்டத்தில் அவள் வந்து சேர்ந்துகொண்டாள், அவளைத் தேடித் திரும்ப வேண்டிய அவசியமே எனக்கு இல்லாமல். நான்காம் வரியில் நாங்கள் கொஞ்சம் வேகமாகவே போனோம் என்று நினைக்கிறேன். கடைசித் தட்டில் நான்கு கையும் ஒன்றாக விழுந்தன. தண்ணீர் டம்ளர் குதித்தது.

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது, மாடி ஏறி வந்ததைப் போல.

“நாலு தப்பு பண்ணே,” என்றாள்.

“அஞ்சு. ரெண்டாவது வரியில ஒண்ணை நீ கவனிக்கலை.”

அவள் தாளைக் கிட்டே இழுத்து இரண்டாவது வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். உதடு அசைந்தது. அந்த அரை எண்ணிக்கை இருந்த இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க அவள் கன்னத்தை உள்ளே இழுத்துக்கொள்வாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இப்போது இழுத்துக்கொண்டிருந்தாள். என் இதயம் இன்னும் அந்த நான்காம் வரியின் வேகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது.

“நாளைக்கு நாம போறதுக்கு முன்னாடியே பல் டாக்டர் வந்து உட்கார்ந்திருப்பார்,” என்றேன். “நான் சொன்னா நல்லா இருக்காது. இடப்பக்கம் எங்க அம்மா உட்காரட்டும்னு நீ சொல்றியா?”